'பரபரப்பு வாக்குமூலம்' எழுதும் சேலம் செய்தியாளர்களுக்கு

நண்பர்களே, வணக்கம்.

அஸ்தம்பட்டி நீதிமன்ற வளாகத்தில் குற்ற வழக்குகள் நடத்தும் வழக்கறிஞர் நான். ஏற்காட்டில் கொலை, ஐந்து ரோட்டில் வழிப்பறி என்று எது நடந்தாலும், ஆள் கைதான மறுநாளே 'பரபரப்பு வாக்குமூலம்' வந்துவிடுகிறது. 'ஆத்திரத்தில் குத்திக் கொன்றேன்' என்று மேற்கோள் குறியோடு. அதை அவர் வாயால் சொல்லி நீங்கள் கேட்டீர்களா?

போலீசிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலத்தை அவருக்கு எதிரான சாட்சியமாக நீதிமன்றத்தில் நிரூபிக்க முடியாது. 1872ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டத்தில் 25ஆவது பிரிவு. 2024 ஜூலை 1 முதல் அதற்குப் பதிலாக நடப்பில் இருக்கும் புதிய சாட்சியச் சட்டத்தில் 23ஆவது பிரிவு. அடி தாங்காமல் மனிதன் எதையும் ஒப்புக்கொள்வான் என்பதால் வந்த விதி அது. அவர் சொன்னதை வைத்துப் பொருள் ஏதாவது கிடைத்தால், 'கத்தியைக் காபித் தோட்டத்தில் புதைத்தேன்' என்ற அளவுக்கு மட்டும் எடுத்துக்கொள்வார்கள். 'அந்தக் கத்தியால்தான் குத்தினேன்' என்பது சேராது. நீங்கள் தலைப்பில் போடுவதோ அந்தச் சேராத வரியை.

அதைவிட மோசம், கைதானவரின் புகைப்படத்தைப் போடுவது. சிறையில் அடையாள அணிவகுப்பு நடத்தும்போது, ஏறக்குறைய ஒரே தோற்றமுள்ள ஆட்களுக்கு நடுவே அவரை நிறுத்தி, சாட்சியை அடையாளம் காட்டச் சொல்வார் மாஜிஸ்திரேட். அப்புறம் குறுக்கு விசாரணையில் என் முதல் கேள்வியே, "பேப்பரில் இவர் படத்தைப் பார்த்தீர்களா?" என்பதுதான். "பார்த்தேன்" என்றால் அந்த அணிவகுப்புக்கு மதிப்பே போய்விடும். குற்றம்சாட்டப்பட்டவர் தரப்பு வக்கீலான எனக்கு அது லாபம். ஆனால் பறிகொடுத்த குடும்பத்துக்கு? உண்மையான குற்றவாளியே அந்த ஓட்டை வழியாக வெளியே போகலாம்.

2015இல் நடந்த ஓமலூர் மாணவர் கொலையை நீங்களே எழுதியிருக்கிறீர்கள். முக்கியச் சாட்சி முன்பு சொன்னதை மாற்றிச் சொல்லிப் பிறழ்சாட்சியான பிறகும் 2022இல் ஆயுள் தண்டனை கிடைத்தது. திருச்செங்கோடு கோயில் சிசிடிவி பதிவுதான் அதில் பெரிதும் கைகொடுத்தது. சாட்சியங்களைச் சோதித்துச் சோதித்து வந்த தீர்ப்பு அது.

அதனால் கேட்கிறேன். 'வாக்குமூலம்' என்று போடாமல் 'போலீஸ் தரப்பு கூறுகிறது' என்று எழுதுங்கள். அணிவகுப்பு முடியும்வரை முகத்தை மறையுங்கள். விசாரணை தொடங்கியதும் கோர்ட்டுக்கு வந்து உட்காருங்கள். அவர் விடுதலையானால், கைதுச் செய்தி வந்த அதே பக்கத்தில், அதே அளவில் அதையும் போடுங்கள்.

அன்புடன்,
சேலம் வழக்கறிஞர் ஒருவர்