மெத்தை வாங்கப் போற மாப்ளைக்கு

அன்புள்ள மாப்ள,

உன் லெட்டர் வந்தன்னைக்கே பதில் போடணும்னுதான் நெனச்சேன், ஆனா இலவங்காய் சீசன் உனக்குத் தெரியாததா, மலையில இருந்து மூட்டை மூட்டையா வந்து இறங்கிட்டே இருக்கு, ராத்திரி கடையச் சாத்துறப்ப மூக்கு, காது எல்லாம் பஞ்சுதான். அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சுது, இப்ப பேப்பர் தானே படிக்குது, உன்னைய ரொம்ப விசாரிச்சுச்சு. மூத்தவ கோயம்புத்தூர்ல பிசியோதெரபி கடைசி வருஷம், லீவுக்கு வந்திருக்கா. உன் லெட்டர அவகிட்டயும் காட்டினேன், கோவிச்சுக்காத, இடுப்பு வலின்னு எழுதியிருந்தியே, அதுக்காகத்தான். கீழ எழுதுறதுல பாதி அவ எனக்கு எடுத்துச் சொன்னது.

65,000 ரூபாய்க்கு ஆர்த்தோ மெத்தை, அதான் முதுகுக்கு நல்லதுன்னு சொல்லி கெட்டியா விக்கிறது, பாத்து வச்சிருக்கேன், வாங்கிடவான்னு கேட்டிருக்க. மெத்தை தச்சு விக்கிற குடும்பத்துல பொறந்த நானே சொல்றேன், கொஞ்சம் பொறு மாப்ள. அந்த ஆர்த்தோங்கிற பேர நம்பி மட்டும் காசக் கொடுக்காத. கல்லு மாதிரி இருந்தாத்தான் முதுகுக்கு நல்லதுன்னு நம்ம ஆளுக எல்லாருக்கும் ஒரு நெனப்பு, நம்ம அப்பா காலத்துல இடுப்பு புடிச்சுக்கிச்சுன்னா தரையில படு, பலகையில படுன்னுதான டாக்டரே சொல்லுவாரு. ஸ்பெயின்ல ஒரு ஆராய்ச்சி பண்ணி 2003ல லான்செட்ங்கிற டாக்டர்க பத்திரிகையில போட்டிருக்காங்க, நாள்பட்ட இடுப்பு வலி உள்ள 313 பேருக்கு, பாதிப் பேருக்கு நல்ல கெட்டியான மெத்தை, பாதிப் பேருக்கு நடுத்தர கெட்டி, யாருக்கு எதுன்னு சொல்லாம கொடுத்து 90 நாள் படுக்க வச்சுப் பாத்திருக்காங்க. படுத்திருக்கும்போது இருக்குற வலி, எந்திரிக்கும்போது வர்ற வலி, அன்னாட வேலை செய்ய முடியாம போறது, எல்லாத்துலயும் நடுத்தர மெத்தைக்காரங்களுக்குத்தான் நல்ல குணம்.

ஏன்னு கேட்டா விஷயம் சிம்பிள்தான். நீ ஒருக்களிச்சுப் படுக்குற ஆளு, ஹாஸ்டல்லயே பாத்திருக்கேன். ரொம்ப கெட்டியான படுக்கையில ஒருக்களிச்சா தோள்பட்டையும் இடுப்பெலும்பும் மட்டும் பாரத்தத் தாங்கும், நடுவுல இடுப்பு மடிப்பு அந்தரத்துல நிக்கும், அங்க இருக்குற தசை ராத்திரி பூரா லூசாகாம இழுத்துப் புடிச்சுக்கிட்டே கெடக்கும். ரொம்ப மெத்துன்னு இருந்தா இடுப்பு உள்ள இறங்கி முதுகு தூளியில கெடந்த மாதிரி வளைஞ்சிரும். கடையில செக் பண்றதுக்கு பொண்ணு ஒரு வழி சொன்னா. மல்லாக்கப் படுத்துக்கிட்டு இடுப்புக்குக் கீழ கைய விட்டுப் பாரு, கை தாராளமா போய் வந்தா கெட்டி ஜாஸ்தி, நொழையவே மாட்டேங்குதுன்னா மெது ஜாஸ்தி, கொஞ்சம் உரசிக்கிட்டுப் போகணும். அப்புறம் நீ எப்பவும் படுக்குற மாதிரி ஒருக்களிச்சுப் படுத்து, தங்கச்சிய பின்னால நின்னு பாக்கச் சொல்லு, முதுகுத்தண்டு கழுத்துல இருந்து கீழ வரைக்கும் நேரா தெரியணும். கையால அமுக்கிப் பாத்துட்டு வந்துராத, ஒரு கால் மணி நேரம் படுத்தே பாரு, கடைக்காரன் என்ன நெனைப்பானோன்னு கூச்சப்படாத, பத்து வருஷம் படுக்கப் போறது நீதான்.

டென்சிட்டி 40, அதான் ஸ்ட்ராங்குன்னு அந்த சேல்ஸ் பையன் சொன்னதா எழுதியிருக்க. டென்சிட்டிங்கிறது எடை மாப்ள, ஒரு கன மீட்டர் ஃபோம் 40 கிலோ இருக்குன்னு அர்த்தம், அவ்வளவுதான். அது ஜாஸ்தியா இருந்தா பொதுவா சீக்கிரம் அமுங்காம உழைக்கும், ஆனா கெட்டியா மெதுவாங்கிறது வேற கணக்கு. 40 டென்சிட்டியிலயே மெதுவாவும் பண்ணலாம் கெட்டியாவும் பண்ணலாம்.

இப்ப நீ படுக்குற காயர் மெத்தை எத்தன வருஷம் ஆச்சு? போன மாசம் இங்க ஒரு வாத்தியார் வீட்ல இருந்து, மேல துணி மட்டும் மாத்திக் கொடுங்கன்னு ஒரு காயர் மெத்தைய ஆட்டோவுல போட்டு அனுப்பியிருந்தாங்க. துணியப் பிரிச்சேன், ரெண்டு ஓரமும் தேங்கா நார் நல்லா விறைப்பா இருக்கு, நடுவுல இடுப்பு படுற இடத்துல மட்டும் ரப்பர் பசை செத்துப்போய் நாரெல்லாம் பொடிப்பொடியா உதுந்து, கைய வச்சா பள்ளத்துல போய் உக்காருது, தட்டினா தூசி கெளம்புது. அது மேலதான் ரெண்டு பேரும் தெனம் படுத்து எந்திரிச்சு, இடுப்பு வலி இடுப்பு வலின்னு மாத்திரை தின்னுருக்காங்க. மனசு கஷ்டமாப் போச்சு. நீயும் போய் உன் மெத்தை மேல ஒரு நீளக் கம்பையோ ஸ்கேலையோ குறுக்க வச்சுப் பாரு, நடுவுல பள்ளம் தெரிஞ்சா அது மாத்த வேண்டியதுதான். வெளியூர் போய் லாட்ஜ்ல தூங்குனா வலி கம்மியா இருக்குன்னா அதுவும் ஒரு அடையாளம்.

நம்ம இலவம் பஞ்சு மெத்தையவே வாங்குன்னு நான் சொல்ல மாட்டேன். உடம்புச் சூடு ஏறாது, மெட்ராஸ் வெயிலுக்கு அத மாதிரி எதுவும் கெடையாது, தூக்கம் வர்றதுக்கு உடம்புச் சூடு கொஞ்சம் இறங்கணும்ங்கிறதால அது பெரிய விஷயம்தான். ஆனா பஞ்சு அமுங்கும், வெயில்ல காயப் போட்டு தட்டணும், சில வருஷத்துக்கு ஒருக்க பிரிச்சு அடிச்சுத் திரும்ப அடைக்கணும், இதெல்லாம் உன்னால அபார்ட்மென்ட்ல செய்ய முடியுமா சொல்லு.

ஆனா மாப்ள, எனக்கு உன் மெத்தைய விட உன் தூக்கத்தப் பத்தித்தான் கவலை. அமெரிக்காக்காரன் கூட ஆபீஸ் போன் கால் பேசி முடிக்க ராத்திரி ஒன்றரை ஆகுது, காலையில ஆறு மணிக்கு பிள்ளைக ஸ்கூலுக்கு எந்திரிக்கிறேன்னு நீயே எழுதியிருக்க. நாலரை மணி நேரத் தூக்கத்துக்கு எந்த மெத்தை போட்டு என்ன பண்ண? வளந்த ஆளுக்கு ஏழு மணி நேரமாவது வேணும். தூக்கம் கெட்டா மறுநாள் நரம்புக்கு வலி ஜாஸ்தியா தெரியும், நேத்து தாங்குன வலியே இன்னைக்கு தாங்காது, வலியால தூக்கம் போகும், தூக்கம் போனதால வலி கூடும், இது சுத்திக்கிட்டே இருக்கும். மேனேஜர்கிட்ட பேசி வாரத்துல ரெண்டு நாளாவது அந்த போன் கால வேற ஆளுக்கு மாத்து, 65,000 ரூபாயக் காட்டிலும் அது உனக்கு உதவும்னு நான் நம்புறேன். தங்கச்சி நீ பயங்கரமா குறட்டை விடுறன்னு சொல்லுச்சு, பகல்ல தூங்கி விழுந்தா அதையும் ஒரு டாக்டர்கிட்ட காட்டு.

இன்னொன்னு, காலையில எந்திரிச்ச உடனே தண்ணி கேன தூக்கி மாட்டுறது நீதானாமே. வேண்டாம்டா. ராத்திரி படுத்திருக்கும்போது முதுகெலும்புக்கு நடுவுல இருக்குற டிஸ்க்கு தண்ணிய உறிஞ்சி உப்பி நிக்கும், அதனாலதான் காலையில நம்ம எல்லாரும் ஒரு சென்டிமீட்டர், ஒன்றரை சென்டிமீட்டர் ஒசரமா இருப்போம். அந்த நேரத்துல குனிஞ்சு 20 லிட்டர் கேன தூக்குனா டிஸ்க்குல அழுத்தம் எக்கச்சக்கமா விழும். முதல் ஒரு மணி நேரம் ரொம்பக் குனியாத, கேன ராத்திரியே மாட்டிரு, இல்ல பையன விட்டு மாட்டச் சொல்லு. படுக்குறப்ப ரெண்டு முட்டிக்கு நடுவுல ஒரு தலகாணி வச்சுக்க, மல்லாக்கப் படுத்தா முட்டிக்கு அடியில வை, இடுப்பு லேசாகும்.

வலின்னு லீவு போட்டு படுத்தே கெடக்குறதும் வேண்டாம். 1986லயே அமெரிக்காவுல ரெண்டு நாள் ரெஸ்ட் ஒரு குரூப்புக்கு, ஏழு நாள் ரெஸ்ட் ஒரு குரூப்புக்குன்னு சொல்லிப் பாத்திருக்காங்க, ஏழு நாள் சொன்னதால கூடுதலா ஒரு குணமும் இல்ல, வேலைக்குப் போகாத நாள்தான் கூடிச்சு. நட, மெதுவா நட. ஆனா கால் மரத்துப் போறது, பலம் குறையுறது, ஒண்ணுக்கு ரெண்டுக்கு கட்டுப்பாடு இல்லாம போறது, காய்ச்சல், காரணமில்லாம எடை இறங்குறது, இதுல ஏதாவது ஒண்ணு வந்தா மெத்தையப் பத்தி யோசிக்காம அன்னைக்கே ஆஸ்பத்திரிக்கு ஓடு.

உங்க அக்கா பையனுக்கு 24 வயசுல முதுகு வலின்னு எழுதியிருந்தியே, அதக் கேட்டதும் பொண்ணு முகமே மாறிருச்சு. விடியக்காலையில வலியில முழிப்பு வருது, எந்திரிச்சா ஒரு மணி நேரம் விறைப்பா இருக்கு, நடந்தா தேவலாம்னா அது வேற மாதிரி வலியாம், மூட்டுவாத டாக்டர், ரூமடாலஜிஸ்ட்னு சொல்றாங்களே, அவங்கட்ட காட்டச் சொன்னா. சீக்கிரம் கண்டுபுடிச்சா மருந்து இருக்காம். அக்காகிட்ட இன்னைக்கே போன் போட்டுச் சொல்லிரு.

இப்பத்தான் மெட்ராஸ்ல இருந்து போடிக்கே ட்ரெயின் வருதுல்ல, பஸ்ல உக்காந்து இடுப்ப ஒடிச்சுக்காம ஸ்லீப்பர்ல படுத்துக்கிட்டே வந்து சேரு. வர்றதுக்கு முன்னாடி உன் கட்டில் நீளம் அகலம் அளந்து அனுப்பு, மெத்தை மாத்த வேண்டி வந்தா தேனியில எனக்குத் தெரிஞ்ச ஃபோம் கடை ஒண்ணு இருக்கு, ரெண்டு பேரும் போய் நீ படுத்துப் பாத்தே எடுக்கலாம்.

அன்புடன்,
போடியில இருந்து உன் மாப்ள