நிழல், பால், இலை

அன்பு மகளுக்கு,

கூச்சிங் பள்ளியில் ஒன்றாம், இரண்டாம் படிவப் (இடைநிலைப் பள்ளியின் முதல் இரண்டு வகுப்பு) பிள்ளைகளுக்கு அறிவியல் எடுக்கச் சொல்லிவிட்டார்கள் என்றாய். நல்லதுதான். எந்தச் சோதனை எந்த இடத்தில் காலை வாரும் என்று தெரிந்துகொண்டு வகுப்புக்குள் போ. பாடநூல் படத்தில் எல்லாம் ஒழுங்காக நடக்கும், மேசையில் நடக்காது.

முதலில் நிழலைச் செய். சூரியன் உச்சிக்கு எத்தனை மணிக்கு வரும் என்று கேட்டால் வகுப்பு மொத்தமும் 12 என்று கத்தும். நம் மலேசியக் கடிகாரம் 120 பாகை கிழக்குத் தீர்க்கரேகைக்கு வைத்தது. தீபகற்பமும் 1982 ஜனவரி 1 முதல் அதற்கு மாறியது, அதற்கு முன்பு உங்கள் சரவாக் பக்கத்தைவிட அரை மணி பின்தங்கியிருந்தது. பூமி 24 மணி நேரத்தில் 360 பாகை சுற்றுகிறது, பாகைக்கு 4 நிமிடம். நான் இருக்கும் சுங்கை சிப்புட் 101 பாகையிலும் நீ இருக்கும் கூச்சிங் 110 பாகை சொச்சத்திலும் இருக்கின்றன. மார்ச் கடைசி வாரத்தில் சூரியன் இன்னும் 5 நிமிடம் தாமதமாக வரும். அதனால் அப்போது உனக்கு 12:44 வாக்கிலும், இங்கே 1:21 வாக்கிலும்தான் உச்சி.

ஒரு மீட்டர் குச்சி போதும். தூக்குக்குண்டு கட்டிப் பார்த்து நேராக நடு. கண்ணால் பார்த்து நட்டால் 2 பாகை சாய்ந்திருக்கும், அதுவே 8 நிமிடப் பிழை. தரையில் வெள்ளை அட்டை விரித்து, 12:20 முதல் 1:10 வரை 4 நிமிடத்துக்கு ஒருமுறை நிழல் நுனியைப் புள்ளி வை. ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய 1.75 சென்டிமீட்டர் நகரும். நுனி மங்கலாகத் தெரிகிறது என்று பிள்ளைகள் முறையிடுவார்கள். சூரியன் புள்ளி அல்ல, அரைப் பாகை அகலமுள்ள வட்டு, அதனால் ஒரு மீட்டருக்குக் கிட்டத்தட்ட 9 மில்லிமீட்டர் கலங்கும். குச்சி உச்சியில் சிறு துளையிட்ட அட்டையை ஒட்டி, கீழே விழும் ஒளிப்பொட்டின் நடுவைக் குறித்தால் அந்தத் தொல்லை இல்லை. நிழல் குச்சியின் மேற்குப் பக்கத்திலிருந்து கிழக்குப் பக்கத்துக்குத் தாண்டும் நேரமே உச்சி.

இதையே டிசம்பரில் செய்யாதே. அப்போது குறுகிய நிழலே 46 சென்டிமீட்டருக்கு மேல் இருக்கும். உச்சிக்குப் பத்து நிமிடம் முன்பின் போனாலும் நீளம் 3 மில்லிமீட்டர்கூட மாறாது, எது குறுகியது என்று பிள்ளைகள் சண்டை போடுவார்கள். அப்போது குச்சியைச் சுற்றி ஒரு வட்டம் போட்டு, காலையில் நிழல் நுனி வட்டத்தைத் தொடும் நேரத்தையும், பிற்பகலில் தொடும் நேரத்தையும் எடுத்து நடுவைப் பார்.

அதே நாளில் நான் இங்கே ஒரு குச்சி நடுகிறேன். இரண்டு நேரத்துக்கும் வித்தியாசம் 37 நிமிடம் வர வேண்டும், அதாவது ஒன்பதே கால் பாகை. கிழக்கு மேற்காக நமக்கிடையே சுமார் 1,030 கிலோமீட்டர். அதை ஒன்பதே காலால் வகுத்து 360-ஆல் பெருக்கினால் பூமியின் சுற்றளவு, 40,000 கிலோமீட்டர், கையில் வரும். ஒரு நிமிடம் தவறினால் ஏறக்குறைய 1,000 கிலோமீட்டர் பிசகும். பிள்ளைகள் அந்தப் பிசகையும் பார்க்கட்டும்.

அடுத்தது ரப்பர் பால். சரவாக்கிலும் கித்தா (ரப்பர்) மரம் வைத்திருப்பவர்கள் உண்டு, காலையில் வெட்டிய பாலாகக் கேள். விடியுமுன் வெட்டுவது ஏன் என்பதே ஒரு உயிரியல் பாடம். இரவில் இலை நீரை இழப்பது குறைவு, அதனால் பால் குழாய்களில் அழுத்தம் கூடியிருக்கும். வெயில் ஏற ஏற அது இறங்கி ஒழுக்கும் சுருங்கும். மூன்று மங்கில் (கிண்ணத்தில்) பால் 20 மில்லிலிட்டர், தண்ணீர் 20 மில்லிலிட்டர் ஊற்று. ஒன்றை அப்படியே விடு. இரண்டாவதில் வினிகரைச் சொட்டுச் சொட்டாக விட்டுக் கலக்கு, ஒன்றிரண்டு மில்லிலிட்டரில் உறையும். மூன்றாவதில் அம்மோனியாக் கரைசல் சில துளி, அது உறையாது. பால் துகள்கள் எல்லாம் ஒரே எதிர் (நெகட்டிவ்) மின்னூட்டத்தால் ஒன்றையொன்று விலக்கி நிற்கின்றன, அமிலம் அந்த மின்னூட்டத்தைத் தணித்ததும் ஒட்டிக்கொள்கின்றன. சும்மா விட்டதும் மறுநாள் உறைந்து நாறும், பாக்டீரியா தானே அமிலம் செய்துவிடும்.

இரண்டு பொறி இருக்கிறது. வாங்கிய பாலில் ஏற்கெனவே அம்மோனியா கலந்திருந்தால் வினிகர் கூடுதலாகப் பிடிக்கும், லிட்மஸ் வைத்துப் பார்த்துக்கொள். வலுவான அமிலத்தை ஒரே மூச்சில் ஊற்றினால் துகள்கள் நேர் மின்னூட்டம் பெற்று மறுபடி விலகிவிடும், பால் உறையாமல் நீராகவே நிற்கும். தோட்டத்தில் பால் உறைய வைக்கும் ஃபார்மிக் ஆசிட் வேண்டாம், தோலைப் பொசுக்கும்.

இலை மாவுப்பொருள் சோதனைக்குச் செம்பருத்தி போதும், கித்தா இலை வேண்டாம். செடியை இரண்டு நாள் இருட்டில் வைத்துவிட்டுத் தொடங்கு. இலையை ஒரு நிமிடம் கொதிநீரில் போட்டு எடு. அடுப்பை அணைத்த பிறகுதான் ஸ்பிரிட் (எரிசாராயம்) போத்தலைத் திற. ஸ்பிரிட் 78 டிகிரி செல்சியஸில் கொதிக்கும், ஆவி நெருப்பைப் பிடிக்கும். இலையும் ஸ்பிரிட்டும் போட்ட சோதனைக் குழாயைச் சூடான நீர் பீக்கருக்குள் நிறுத்து. வெளுத்த இலை மொறுமொறுவென்று உடையும், வெந்நீரில் ஒருமுறை முக்கினால் இளகும். அயோடினை வெளிர்மஞ்சளாகக் கரைத்துக்கொள், கெட்டியாக விட்டால் மாவு இல்லாத இலையும் கறுத்ததுபோல் தெரியும்.

மார்ச் கடைசி சனிக்கிழமை வசதியா? குச்சி நட்டதும் கூப்பிடு, இரண்டு கைப்பேசியிலும் நொடி சரியா என்று முதலில் ஒத்துப் பார்ப்போம். மேகம் மூடினால் மறுநாள்.

அப்பா
சுங்கை சிப்புட்