ஜுவான் கொலோமின் தெரு

பார்சிலோனா
மார்ச் 2014

அன்பு நண்பா,

வணக்கம். உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் வலி குறைந்து நீ மறுபடியும் மாடியேறத் தொடங்கியிருக்கிறாய் என்பதே எனக்குப் பெரிய செய்தி. இங்கே மகள் வீட்டில் அனைவரும் நலம். ஆளுக்குத் தெரியாமல் எடுக்கும் படம் திருட்டுத்தான், அதில் கலை என்ன வேண்டிக் கிடக்கிறது என்று கடிதத்தின் கடைசியில் சீறியிருக்கிறாயே, அதை அப்படியே விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை. ஏனென்றால் அந்தக் கேள்வியையே நடுக்கூடத்தில் நிறுத்திவைத்திருக்கும் ஒரு கண்காட்சியைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறேன். ஆகவே இந்தக் கடிதம் முழுக்க அதைப் பற்றித்தான்.

மொன்ட்ஜுயிக் குன்றின்மேல், 1929ஆம் ஆண்டின் உலகக் கண்காட்சிக்காக எழுப்பிய மாளிகையில், காட்டலோனியாவின் தேசியக் கலை அருங்காட்சியகம் இருக்கிறது. பிரனீஸ் மலைத் தேவாலயச் சுவர்களிலிருந்து பெயர்த்துக் கொண்டுவந்த இடைக்கால ஓவியங்களைப் பார்க்கத்தான் பெரும்பாலானவர்கள் அங்கே ஏறிவருகிறார்கள். அதே கட்டடத்தில், சென்ற டிசம்பர் முதல் வரும் மே மாதம் வரை, ஜுவான் கொலோமின் 500க்கும் மேற்பட்ட புகைப்படங்களை மாட்டிவைத்திருக்கிறார்கள். கொலோம் இந்த நகரத்துக்காரர், 1921இல் பிறந்தவர், 92 வயதில் இன்னும் நம்மிடையே இருப்பவர். 2012இல் தம் கைவசமிருந்த 9,000க்கும் மேற்பட்ட படங்களை இந்த அருங்காட்சியகத்துக்கே கொடுத்துவிட்டார். முதுமையில் எடுத்த வண்ணப் படங்களும் கண்காட்சியில் உண்டு; அவற்றை நான் வேகமாகக் கடந்துவிட்டேன். என்னை நகரவிடாமல் நிறுத்தியவை 1957க்கும் 1964க்கும் இடைப்பட்ட கறுப்பு வெள்ளைப் படங்கள். அந்த ஆண்டுகள்தாம் அவரை உருவாக்கின. அந்த ஆண்டுகளின் முடிவில்தான் அவர் கேமராவை ஏறக்குறைய மூட்டைகட்டி வைத்தார்.

தொழிலால் அவர் கணக்கர். வாரநாட்களில் பேரேடு, சனி ஞாயிறில் கேமரா. 1957இல், 36 வயதில், காட்டலோனியப் புகைப்படச் சங்கத்தில் உறுப்பினராகச் சேர்ந்தார். அந்தக் காலத்துச் சங்கங்கள் எப்படி இருந்தன என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை: போட்டிக்கு அனுப்பிப் பதக்கம் வாங்குவதற்கென்றே எடுத்த அழகழகான படங்கள், அவற்றுக்கு ஒருவர் முதுகை ஒருவர் தட்டிக்கொடுக்கும் நடுவர்கள். ரமோன் மசாட்ஸ், ரிக்கார்ட் தெர்ரே, சவியேர் மிசேராக்ஸ் ஆகிய மூன்று புகைப்படக்காரர்களும் அந்தப் பதக்க மோகத்திலிருந்து ஏற்கெனவே விலகிக்கொண்டிருந்தார்கள். கொலோமும் சில நண்பர்களும் 1960இல் 'எல் முசோல்', அதாவது ஆந்தை, என்று ஒரு குழுவைத் தொடங்கினார்கள். இரவில் திரிபவர்களுக்குப் பொருத்தமான பெயர்தான்.

1958இலிருந்து அவர் வாராவாரம் போய்த் திரிந்த இடம் ரவால், அன்றைய வழக்கில் 'பார்ரியோ சீனோ'. ராம்ப்லா சாலைக்கும் துறைமுகத்துக்கும் அருகில், மூன்று ஆட்கள் கைகோத்து நின்றால் அடைபட்டுவிடும் சந்துகள் நிறைந்த பழைய குடியிருப்பு அது. 1956 மார்ச்சில், ஸ்பெயினை ஆண்ட சர்வாதிகாரி பிராங்கோவின் அரசு, அதுவரை உரிமம் பெற்று நடந்துவந்த பாலியல் தொழில் விடுதிகளை மூடும்படி ஆணையிட்டது. விடுதிகள் மூடினவே தவிர வறுமை மூடவில்லை. ஆகவே வாசலுக்கு உள்ளே நடந்துகொண்டிருந்தது வாசலுக்கு வெளியே, மதுக்கடைக்கும் நடைபாதைக்கும் வந்து சேர்ந்தது. தென் ஸ்பெயினின் கிராமங்களிலிருந்து பிழைப்புத் தேடி வந்த குடும்பங்கள் ஒருபுறம், 1951இலிருந்து அவ்வப்போது துறைமுகத்தில் நங்கூரமிட்ட அமெரிக்க ஆறாம் கப்பற்படையின் மாலுமிகள் மறுபுறம். தணிக்கைக்கு உட்பட்ட அன்றைய பத்திரிகைகளில் இந்த ஸ்பெயின் இடம்பெறவில்லை. ஒழுக்கமும் திருச்சபையும் ஆளும் நாடு என்று சொல்லிக்கொண்டிருந்த அரசுக்கு, தன் இரண்டாவது பெரிய நகரத்தின் நடுவிலேயே இப்படி ஒரு தெரு இருப்பதைக் காட்டும் படம் எப்படிப் பிடிக்கும்?

இப்போது உன் திருட்டு விவகாரத்துக்கு வருகிறேன். கொலோம் லைகா கேமராவை இடுப்பளவில் பிடித்து, வியூஃபைண்டரில் கண் வைக்காமல், நடந்துகொண்டே எடுத்தார். தூரத்தையும் ஒளித்துளையையும் முன்கூட்டியே வைத்துக்கொண்டு, இத்தனை அடிக்குள் வருபவர் தெளிவாக விழுவார் என்ற மனக்கணக்கில் விசையை அழுத்தினால்தான் அப்படி எடுக்க முடியும். நீயும் செய்து பார்த்திருக்கிறாய். பத்துக்கு எட்டு வீணாகும் என்பதும் உனக்குத் தெரியும். 1960இல் இதே முறையில் எட்டு மில்லிமீட்டர் சுருளில் ஒரு சிறு படமும் எடுத்தார். இந்த முறையின் அடையாளங்கள் படங்களில் அப்பட்டமாகத் தெரிகின்றன. பார்வை ஒரு குழந்தையின் உயரத்திலிருந்து மேல்நோக்கிப் போகிறது. யாரோ ஒருவரின் தோளோ கைப்பையோ முன்னால் வந்து மறைக்கிறது. அடிவானம் சாய்கிறது. கிரெயின், அதாவது படச்சுருளின் துகள், மணல்போல் பரபரவென்று இருக்கிறது. ஒருவரும் கேமராவுக்காக முகத்தைச் சரிசெய்துகொள்ளவில்லை.

ஒரு படத்தை மட்டும் சற்று நெருங்கிச் சொல்கிறேன். அதில் ஒரு பெண் நம்மைவிட்டு விலகி நடந்து போகிறாள். முகம் இல்லை, முதுகுதான். வெளிர் நிறத்தில் மிக இறுக்கமான உடை, அதற்குள் அடங்க மறுக்கும் கனத்த உடல், அடியெடுத்து வைத்த நொடியில் துணியில் விழுந்த மடிப்பு. நான் முதலில் சிரிக்கப் பார்த்தேன் என்பதை மறைக்கவில்லை. ஆனால் சிரிப்பு வாய்வரை வந்து நின்றுவிட்டது. அந்த நடையில் இருந்த நிமிர்வுதான் காரணம். அந்தத் தெரு தன்னுடையது என்பது போல அவள் நடக்கிறாள். இதை அவளை நிறுத்தி, அனுமதி கேட்டு, திரும்பி நிற்கச் சொல்லி எடுத்திருக்க முடியுமா?

அதைவிட என்னை யோசிக்கவைத்தவர்கள் ஆண்கள். நடைபாதை விளிம்பில் கைகளைக் கால்சட்டைப் பைக்குள் விட்டபடி, பார்த்தும் பார்க்காதவர்கள் போல, மனத்துக்குள் விலை போட்டுக்கொண்டு நிற்கிறார்கள். இவர்களில் எவனுடைய வீட்டிலும் இந்தத் தெருவின் பெயரே தெரிந்திருக்காது. கொலோமின் கேமராவும் இவர்கள் நிற்கும் அதே வரிசையில், இவர்கள் பார்க்கும் அதே உயரத்தில் நிற்கிறது. அதனாலேயே, பெண்களைத் திருட்டுத்தனமாகப் பார்த்தவர் என்று அவரைச் சொல்லும்போது, அப்படிப் பார்த்துக்கொண்டிருந்த ஆண்களையும் அவர் கையும் களவுமாகப் பிடித்துவைத்தார் என்பதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும் என்பது என் கட்சி.

இந்தப் படங்கள் முதன்முதலாக 1961இல், சாலா ஐஷலா என்ற கூடத்தில், 'தெரு' என்ற எளிய தலைப்பில் காட்சிக்கு வந்தன. விமர்சகர் ஜுசேப் மரியா காசாதெமொன்ட் பொறுப்பில் நடந்த கூடம் அது. சங்கத்துப் பதக்கங்களுக்கு வெளியே புதியவர்களுக்கு இடம் கொடுத்த ஒரே வாசல் என்றுகூடச் சொல்லலாம். அந்தக் காட்சியில் பெண்களோடு சிறுவர்கள், கிழவர்கள், வெட்டியாக நிற்பவர்கள் என்று ஒரு பேட்டையே இருந்தது. 1999இல் இதே அருங்காட்சியகம் அந்தக் காட்சியை மறுபடி நினைவுகூர்ந்து ஒரு கண்காட்சி நடத்தியபோதுதான், எழுபது வயதைத் தாண்டிவிட்ட கொலோமை நாடு திரும்பிப் பார்த்தது. 2002இல் ஸ்பெயினின் தேசியப் புகைப்பட விருது வந்தது. 2006இல் பாரிஸில், பிரெஞ்சுப் புகைப்படக் கலைஞர் கார்த்தியே பிரெஸ்ஸோனின் பெயரிலுள்ள அறக்கட்டளை காட்சி வைத்தது.

இடையில் ஏன் இத்தனை ஆண்டு இருட்டு என்றால், அதற்குக் காரணம் ஒரு புத்தகம். 1964இல் லூமென் பதிப்பகம், எழுத்தையும் படத்தையும் இணைக்கும் தன் வரிசையில், கமிலோ ஹோசே செலாவின் எழுத்தோடு கொலோமின் படங்களை வெளியிட்டது. செலா பின்னாளில், 1989இல், நோபல் பரிசு பெற்றவர். பெரிய எழுத்தாளர் என்பதில் ஐயமில்லை. ஆனால் இந்தப் புத்தகத்தில் அவர் செய்தது எனக்கு ஒப்பவில்லை. விலைமாதர்களைக் குறிக்கும் மூன்று பழைய சொற்களையே அடுக்கித் தலைப்பாக்கி, படத்திலுள்ள பெண்களை இனம் பிரித்து, கேலிப்பெயர் சூட்டி, நகைச்சுவைப் பாத்திரங்களாக மாற்றினார். ஒரு பேட்டையின் வாழ்க்கையாக இருந்தது ஒரு வகைப் பெண்களின் பட்டியலாகச் சுருங்கியது. ஆண்கள் ஓரத்துக்குப் போனார்கள். நிமிர்ந்து நடந்தவள் வேடிக்கைப் பொருளானாள்.

புத்தகத்தில் இருந்த பெண்களில் ஒருவர் தம்மை அடையாளம் கண்டுகொண்டு புகார் செய்தார். அதன் பிறகு கொலோம் பொதுவெளியிலிருந்து ஒதுங்கிப் பேரேட்டுக்கே திரும்பினார். மீண்டும் முனைப்பாகக் கேமராவை எடுத்துக்கொண்டு அதே ரவாலுக்குப் போனது பணி ஓய்வுக்குப் பிறகுதான்.

நீ கேட்பாய், அந்தப் பெண்ணின் புகாருக்கு உன் பதில் என்ன என்று. அவர் பக்கம்தான் நியாயம் என்றே நான் நினைக்கிறேன். மறைத்துவைத்த கேமராவில் ஒரு களவு இருக்கத்தான் செய்கிறது. அதை இல்லையென்று வாதாட மாட்டேன். ஆனால் களவு எல்லாம் ஒரே அளவானதல்ல. 1961இன் சுவரில் அந்த முகம் தன் தெருவோடு, தன்னைப் பார்த்தவர்களோடு சேர்ந்து நின்றது. 1964இன் பக்கத்தில் அதன்கீழ் ஒரு கேலி ஒட்டிக்கொண்டது, கடைக்குப் போய்க் காசு கொடுத்தவன் வீட்டுக்கெல்லாம் போனது. அவமானம் பெரும்பகுதி அங்கேதான் நேர்ந்தது. படமெடுத்தவரைவிட எழுதியவரும் வெளியிட்டவரும் அதில் கூடுதல் பங்காளிகள். ஆனாலும் படங்களைக் கொடுத்தவர் கொலோம் என்பதால் அவரை முழுக்க விடுவிக்கவும் என்னால் இயலவில்லை. புத்தகத்தை ஒதுக்கிவிட்டுப் படங்களை மட்டும் எடுத்துக்கொள்ளலாம் என்பவர்களோடு நான் ஓரளவுதான் உடன்படுகிறேன், ஏனென்றால் அந்தப் பெண் மறுத்தது புத்தகத்தை மட்டுமா, தன் முகத்தை எவனோ கொண்டுபோனதையுமா என்பது நம் வசதிக்கேற்ப முடிவு செய்யக்கூடிய விஷயமல்ல.

குன்றிலிருந்து இறங்கி நேரே ரவாலுக்கு நடந்தேன். பழைய சந்துகளில் ஒரு பகுதியை இடித்து, 2000இல் ராம்ப்லா தெல் ரவால் என்ற அகலமான நடைவெளியாக்கிவிட்டார்கள். பாகிஸ்தானியரின் மளிகைக் கடைகளும் செல்பேசிக் கடைகளும் வரிசையாக இருக்கின்றன. 2012இல் திறந்த திரைப்படக் காப்பகத்தின் புதிய கட்டடத்துக்குப் பக்கத்திலேயே ரொபதோர்ஸ் தெரு. அங்கே பட்டப்பகலில் பெண்கள் இன்றும் நிற்கிறார்கள். என் சட்டைப்பையில் செல்பேசி இருந்தது. எடுக்கவில்லை, எடுத்திருந்தால் உனக்கு எழுத எனக்கு முகம் இருந்திருக்காது.

கண்காட்சியின் புத்தகத்தை வாங்கிவைத்திருக்கிறேன். ஊருக்கு வரும்போது உனக்குத்தான். இருட்டறையில் படத்தைப் பெரிதாக்கும் என்லார்ஜரோடு இத்தனை காலம் குடித்தனம் நடத்தியவன் நீ, ஆகவே ஒன்றைப் பார்த்துச் சொல்ல வேண்டும். இடுப்பிலிருந்து எடுத்த படங்களில் சில அச்சில் மட்டும் வியக்கத்தக்க ஒழுங்கோடு இருக்கின்றன. தெருவில் குருட்டாம்போக்கில் விழுந்ததை இருட்டறையில் வெட்டி, நிமிர்த்தி, அவர் இரண்டாம் முறை எடுத்திருக்கிறார் என்பது என் சந்தேகம். எந்தப் படத்தில் எவ்வளவு வெட்டியிருப்பார் என்று ஓரங்களைப் பார்த்தே உன்னால் மதிப்பிட முடியும். அதை எழுது. பெண்ணின் முதுகுப் படத்தையும் அந்த வரிசையில் சேர்த்துக்கொள்.

என்றும் அன்புடன்,
உன் நண்பன்