கருப்பன் உட்காரப் பழகுகிறான்

பாளையங்கோட்டை

அன்பு நண்பா,

மூட்டு ஆபரேஷன் முடிந்து நீ கம்பில்லாமல் நடக்கிறாய் என்று படித்ததும் வீட்டில் எல்லோரிடமும் சொன்னேன். தை மாதம் நெல்லை எக்ஸ்பிரஸில் வருவதாக எழுதியிருந்தாயே, அந்த இடத்தில்தான் வயிற்றைக் கலக்கியது. போன தடவை நீ செருப்பைக் கழற்றுவதற்குள் கருப்பன் மேலே பாய்ந்து, நீ திண்ணைத் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றது இன்னும் கண்ணில் நிற்கிறது. 20 கிலோ நாய். புது மூட்டோடு வரும் உன் மேல் மறுபடி பாய்ந்தால்? அன்றைக்கே பழக்க ஆரம்பித்துவிட்டேன்.

இத்தனை நாளும் செய்தது என் தப்பு. தாவும்போதெல்லாம் "டேய், இறங்கு!" என்று கத்தித் தள்ளிவிடுவேன். கால்நடை மருத்துவர்தான் விளக்கினார். நாய்க்கு வேண்டியது நம் கவனம். கத்தினாலும் அது கிடைத்துவிடுகிறது, தள்ளினால் விளையாட்டு என்று எடுத்துக்கொள்கிறது. குட்டியில் தாயின் வாயை நக்கிப் பழகிய பிராணி, நம் முகம் 5 அடி உயரத்தில் இருப்பதால் எம்புகிறது. இதைக் கேட்டபின் அவன் மேலிருந்த கோபமே போய்விட்டது.

முதலில் காலிங்பெல். பேத்தி வெளியே நின்று அடிப்பாள், யாரும் உள்ளே வரமாட்டார்கள். கூடத்து மூலையில் விரித்த சாக்கில் அவித்த ஈரல் துண்டு ஒன்றைப் போடுவேன், பட்டாணி அளவுதான். பசி நேரத்தில் 5 நிமிடம், ஒரு நாளைக்கு 3 வேளை. ஒரு வாரத்தில் பெல் கேட்டால் சாக்குக்கு ஓட ஆரம்பித்தான்.

அப்புறம் ஆட்கள். கருப்பனை ஜன்னல் கம்பியில் கட்டியிருப்பேன். பக்கத்து வீட்டுப் பையன் வருவான். கருப்பன் தாவினால் பையன் முகத்தைத் திருப்பிக்கொண்டு பின்னால் போய்விடுவான், நாலு காலும் தரையில் பட்டால் கிட்டே வருவான். உட்கார்ந்தால்தான் தடவல். நாலாம் நாள் முன்னைவிட மோசமாகத் தாவிக் குரைத்தான். "போதும், விட்டுருங்க" என்றாள் என் மனைவி. வழக்கமாகப் பலித்த வித்தை பலிக்காதபோது நாய் இன்னும் பலமாக முயலுமாம். அப்போது இரங்கினால் பலமாகத் தாவுவதையே கற்றுக்கொள்ளும். பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தோம்.

மைத்துனர் வந்தபோதுதான் சிக்கல். "இருக்கட்டும் அத்தான், எனக்கு நாய்ன்னா உயிரு" என்று தாவுகிறவனைக் கட்டிக்கொண்டு கொஞ்சினார். பத்தில் ஒரு தடவை கொஞ்சல் கிடைத்தால் போதும், அதற்காக மற்ற ஒன்பது தடவையும் தாவிப் பார்ப்பான். ஈரல் கிண்ணத்தை அவர் கையிலேயே கொடுத்து, "உட்கார்ந்தா மட்டும் கொடுங்க" என்றேன். இப்போது அவரைக் கண்டால்தான் முதலில் உட்காருகிறான்.

இன்னும் முழுதாகச் சரியாகவில்லை. சிலிண்டர் கொண்டுவருபவரைப் பார்த்தால் சாக்கை விட்டு எழுந்துவிடுகிறான். அந்த நேரம் பின்கட்டில் விட்டுக் கதவைச் சாத்திவிடுகிறேன்.

நீ தெருமுனைக்கு வந்ததும் ஒரு போன் போடு. கட்டிப் போட்டுவிட்டுத்தான் கதவைத் திறப்பேன். அவனைப் பார்க்காமல் நேராக வந்து நாற்காலியில் உட்கார். அவன் அடங்கியதும் மோந்து பார்க்கக் கையைக் காட்டு, தலைக்கு மேலே கொண்டுபோகாமல் நெஞ்சில் தடவு. பேத்திக்குச் சாக்லேட் வாங்கினால் பையை உயரத்தில் வைத்துவிடு, நாய்க்கு அது விஷம்.

தங்கச்சியையும் கூட்டி வா. போன தடவை பயந்து வாசலிலேயே நின்றுவிட்டாள். இந்தத் தடவை கூடத்தில் உட்கார்ந்து காப்பி குடிக்க வேண்டும்.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுத் தோழன்