பிள்ளைகள் கையில் ஸ்குரூ டிரைவரைக் கொடுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

குடியாத்தத்தில் 27 வருடமாக டிவி, ரேடியோ பழுது பார்க்கிறேன். போன மாதம் ஒரு பள்ளியில், பிள்ளைகள் மின்குப்பையில் செய்த கைவினைப் பொருட்களைப் பார்க்கக் கூப்பிட்டிருந்தார்கள். கீபோர்டு பட்டன்களைக் கோத்து ஒரு பாப்பா தன் பெயரை மாலையாகச் செய்திருந்தாள். பார்க்கவே ஆசையாக இருந்தது.

பக்கத்தில் ஒரு ரோபோ. கையில் எடுத்துப் பார்த்ததும் பதறிவிட்டது. சர்க்யூட் போர்டை ரம்பத்தால் அறுத்து ஒட்டியிருந்தார்கள். பழைய போர்டுகளில் பற்றவைத்த சால்டரில் நூற்றுக்கு நாற்பது பங்கு வரை காரீயம் என்ற நச்சு உலோகம் இருக்கும். அறுத்த தூள் விரலில் ஒட்டும், அந்த விரலோடுதான் பிள்ளைகள் தின்பண்டம் எடுப்பார்கள். மூளை வளர்கிற வயதில் காரீயம் உடம்புக்குள் போகவே கூடாது. ரோபோவின் வயிற்றில் லேசாக உப்பிய செல்போன் பேட்டரி வேறு, அதன் மேல் சூடான பசை. உப்பின பேட்டரி எப்போது வேண்டுமானாலும் தீப்பிடிக்கும். ஆசிரியரிடம் சொன்னேன், உடனே அப்புறப்படுத்தினார்.

கைவேலையே வேண்டாம் என்று சொல்லவில்லை. ஒட்டுவதற்கு முன்னால் பிரிக்கச் சொல்லிக் கொடுங்கள் என்கிறேன். அன்றைக்கு ஒரு பழைய ரேடியோவின் ஸ்பீக்கரைக் கழற்றி, பென்டார்ச் செல்லை அதன் இரண்டு ஒயரிலும் தொட்டுக் காட்டினேன். 'டப்' என்று காகிதக் கூம்பு துள்ளியது. "இன்னொரு தடவை சார்" என்று வரிசை கட்டி நின்றார்கள். உள்ளே காந்தம், செம்புக் கம்பிச் சுருள் என்று தெரிந்த பிள்ளை அதைத் தூக்கிப் போடாது. பசை போட்டு ஒட்டினால் செம்பும் பிளாஸ்டிக்கும் பிரிக்க முடியாமல் வீணாகிவிடும். ஸ்குரூ போட்டு முடுக்கினால் நாளைக்குக் கழற்றலாம். போர்டு, பேட்டரி, பிக்சர் டியூப் மூன்றையும் மட்டும் கைவேலைக்குத் தொடவே வேண்டாம். 2006-க்குப் பிறகு அரசு கொடுத்த இலவசக் கலர் டிவிகள் இன்னும் பல வீட்டுப் பரணில் கிடக்கின்றன. அந்த டியூப் கண்ணாடியிலும் காரீயம்தான்.

அப்புறம், போகி. செம்புக்காக ஒயரைக் கொளுத்துவதை நம் தெருக்களில் பார்க்கிறோம். ஒயரின் மேல்தோல் எரிந்தால் வருவது டையாக்சின் நஞ்சு. தோல் தொழிற்சாலைக் கழிவால் பாலாற்றை இழந்த வட ஆற்காட்டுக்காரர்களுக்கு இதை விளக்கவா வேண்டும்? அந்தக் கழிவு பற்றிய வழக்கில், மாசுபடுத்தியவரே ஈடு செய்யவேண்டும் என்று 1996-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது; அதைத் தொடுத்தவர்கள் நம் வேலூர் மக்கள்தான். 2023 ஏப்ரல் 1 முதல் நடப்பில் உள்ள மின்கழிவு விதிகளும், பொருளைச் செய்த கம்பெனிதான் அதன் மறுசுழற்சிக்கும் பொறுப்பு என்கின்றன. ஆனால் நம் வீட்டுச் சார்ஜர் குப்பை வண்டியில் போனால் கம்பெனியை யார் கேட்பது? 2022-ல் உலகம் முழுக்க 6.2 கோடி டன் மின்குப்பை சேர்ந்தது. முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்ததாகக் கணக்கில் வந்தது கால் பங்குகூட இல்லை.

மாவட்ட நிர்வாகம் போகிக்கு முன்பே பள்ளிதோறும் ஒரு பெட்டி வைத்து, சேர்வதைப் பதிவு பெற்ற மறுசுழற்சி நிறுவனத்துக்கு அனுப்ப ஏற்பாடு செய்யவேண்டும். சனிக்கிழமை மதியம் எந்தப் பள்ளி கூப்பிட்டாலும் டூல்ஸ் பெட்டியோடு வருகிறேன், காசு வேண்டாம். எங்கள் ஊர் மெக்கானிக்குகள் இன்னும் இரண்டு பேரும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.

இப்படிக்கு,
டிவி மெக்கானிக் ஒருவர்,
குடியாத்தம், வேலூர் மாவட்டம்.