பெரியவனுக்கு என்ன புத்தகம்?

அன்புள்ள முருகேசா,

மகள் கல்யாணப் பத்திரிகை வந்தது. முந்தின நாளே வந்துவிடுகிறோம். முழங்கால் வலி எப்படி இருக்கிறது என்று அடுத்த கடிதத்திலாவது எழுது.

உன் தங்கை பிள்ளைகளுக்குத் தமிழில் என்ன வாங்கலாம் என்று கேட்டிருந்தாய். ஐந்தாம் வகுப்புக்காரிக்குக் கவலையே இல்லை. நரியும் காக்காயும் ஓய்வெடுக்கப் போயாச்சு. யெஸ். பாலபாரதியின் 'மரப்பாச்சி சொன்ன ரகசியம்' தப்பான தொடுதலைப் பற்றிப் பேசுகிறது. நம் வீடுகளில் பெரியவர்களே வாய் திறக்காத விஷயம். 2020இல் சிறுவர் நூலுக்கான சாகித்ய அகாடமி விருதான பால சாகித்ய புரஸ்கார் வாங்கியது. 2023இல் அதே விருது உதயசங்கரின் 'ஆதனின் பொம்மை'க்கு. அது கீழடிக்குக் கூட்டிப்போகும். விஷ்ணுபுரம் சரவணனின் 'கயிறு' சின்னப் புத்தகம்தான். பள்ளிப் பிள்ளைகள் சாதிக்கொரு நிறமாக மணிக்கட்டில் கட்டிக்கொள்கிறார்களே, அதே கயிறு. நாங்குநேரியில் பள்ளி மாணவனைச் சாதிவெறியில் உடன்படித்தவர்களே வெட்டினார்களே, அதற்குப் பிறகு அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு, 2024இல் அந்தக் கயிறுகளைத் தடைசெய்யச் சொன்னது. ஆனால் அரசு அறிக்கையைப் பிள்ளைகள் படிக்கவா போகிறார்கள்? கதை என்றால் படிப்பார்கள்.

ஒன்பதாம் வகுப்புக்காரன் விஷயம்தான் இடிக்கிறது. பள்ளிக்கல்வித் துறையின் வாசிப்பு இயக்கம் நுழை, நட, ஓடு, பற என்று படிப்படியாகப் புத்தகம் போட்டிருக்கிறது. நல்ல காரியம். பறக்கத் தெரிந்தவன் அப்புறம் எங்கே போவது? நாம் அம்புலிமாமாவை மூடிவிட்டு நேரே ராஜேஷ்குமாருக்குத் தாவினோம். கொலை, துப்பறிதல் எல்லாம் இருந்தது, நம் வயசுக்காரன்தான் இல்லை. இவன் செல்போனில் மங்கா என்கிற ஜப்பானியப் படக்கதைக்குத் தாவுகிறான். அங்கே அவன் வயசுப் பையன் தோற்கிறான், காதலிக்கிறான், அப்பாவோடு சண்டை போடுகிறான். தமிழில் இப்படி எழுத ஆள் இல்லாமல் இல்லை. ஆனால் சிறுவர் நூலைக் காசு கொடுத்து வாங்குவது பெற்றோரும் பள்ளி நூலகமும். ஒன்பதாம் வகுப்புக் காதலை எந்தத் தலைமையாசிரியர் அலமாரியில் வைப்பார், சொல்! எழுதுகிறவர்களும் பன்னிரண்டு வயதோடு நின்றுவிடுவது இதனால்தான் என்பது என் எண்ணம்.

அவனுக்கு இரா. நடராசனின் 'ஆயிஷா' கொடுத்துப் பார். கேள்வி கேட்டு அடி வாங்குகிற பள்ளி மாணவி, அடி வலிக்காமல் இருக்க மருந்து தேடுகிறாள். ஆசிரியர்கள் படிக்க வேண்டிய கதை என்றே எல்லாரும் சொல்வார்கள். பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறவனுக்கு அது இன்னும் உறைக்கும். ஒரே மூச்சில் முடித்துவிடலாம். பிடிக்கவில்லை என்றால் ஏன் என்று கேட்டு எழுது. அதுதான் எனக்கு வேண்டும்.

சின்னவளுக்கு மூன்றையும் தபாலில் அனுப்புகிறேன். மங்கா படிக்கிறான் என்று பையனைத் திட்ட வேண்டாம், தங்கையிடம் நான் சொன்னதாகவே சொல்.

அன்புடன்,
செல்வம்