இஸ்திரி அண்ணனுக்கும் மற்ற எல்லோருக்கும்

நேற்று இரவு தூக்க மாத்திரை இல்லாமல் தூங்கினேன். நான்கு மணி நேரம்தான், ஆனால் தானாக வந்த தூக்கம். கை இன்னும் லேசாக நடுங்குகிறது. இருந்தாலும் நன்றியை ஆறப்போடக் கூடாது என்று எழுத உட்கார்ந்துவிட்டேன்.

அந்த மாத்திரைக்கு அடிமையாகி நான் பட்டதெல்லாம் பெங்களூர் அல்சூரில் எங்கள் தெருவுக்கே தெரியும். மறுபடி சொல்லப் போவதில்லை. அன்று என்னை ஆட்டோவில் தூக்கிப் போட்டு நிமான்ஸ் மனநல ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன மேல்வீட்டு அக்கா, என் பையனுக்கு வேளாவேளைக்குச் சோறு போட்ட எதிர்வீட்டுக் கன்னடக் குடும்பம், சம்பளம் பிடிக்காமல் லீவு கொடுத்த மேனேஜர், ஒரு தடவைகூட முகம் சுளிக்காத டாக்டர், நர்சுகள் எல்லோருக்கும் என் கும்பிடு.

இஸ்திரி அண்ணனைப் பற்றித்தான் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

இந்த மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம், உயிருக்கே ஆபத்து, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைக்க வேண்டும் என்றார் டாக்டர். அதுவரை மாத்திரை என் கையில் இருக்கக் கூடாது, வேறு யாராவது தினமும் எடுத்துத் தர வேண்டும் என்றும் சொன்னார். வீட்டில் நானும் பன்னிரண்டு வயதுப் பையனும்தான். அவன் தலையில் அதை ஏற்ற மனம் வரவில்லை. தெருமுனையில் தள்ளுவண்டியில் இஸ்திரி போடும் இந்த தர்மபுரி அண்ணனிடம் எப்படித்தான் வாய்விட்டுக் கேட்டேனோ! அவர் ஏன், எதற்கு என்று கேட்கவில்லை. "எத்தனை மணிக்குக் குடுக்கணும்னு மட்டும் சொல்லு தங்கச்சி" என்றார்.

ஐந்து மாதம். தினமும் இரவு ஒன்பது மணிக்கு அன்றைய மாத்திரையைக் காகிதத்தில் மடித்துச் சட்டைப்பையில் வைத்திருப்பார். முதலில் முழுசு, பிறகு அரை, அப்புறம் கால். மாமியார் காரியத்துக்கு ஊருக்குப் போன அன்றுகூட மாலையே பஸ் பிடித்துத் திரும்பிவிட்டார்.

இரண்டாம் மாதம் ஒருநாள் இரவு பதினோரு மணிக்கு வண்டியடியில் போய் நின்றேன். இன்னும் ஒன்றே ஒன்று கொடுங்கள் என்று அழுதேன். சொல்லக் கூடாததெல்லாம் சொன்னேன். கரியை அணைக்கப் போனவர், ஒன்றும் பேசாமல் புதுக் கரி அள்ளிப் போட்டு விசிறினார். ஸ்டூலை என் பக்கம் நகர்த்தினார். தேய்த்து அடுக்கிய துணிகளையே பிரித்து மறுபடி தேய்க்க ஆரம்பித்தார். ஒன்றரை மணி வரை தேய்த்தார். மாத்திரையும் தரவில்லை, புத்தியும் சொல்லவில்லை. அந்தச் சூட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தே அந்த இரவைக் கடந்தேன்.

நான் விழுங்கியது அல்பிரசோலம். சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது, வாங்குபவர் பெயரைக் கடைக்காரர் ரெஜிஸ்டரில் எழுத வேண்டும் என்று 2014 முதல் சட்டமே இருக்கிறது. முதலில் பழைய சீட்டைக் காட்டியும், பிறகு சீட்டே இல்லாமலும் மூன்று வருடம் வாங்கினேன். டாக்டர் சொல்லாமல் இந்த மாதிரி மருந்துகளை எடுத்துக்கொள்பவர்கள் நாட்டில் சுமார் 1.18 கோடிப் பேர் என்கிறது 2019-ல் வெளியான மத்திய அரசின் ஆய்வு. அவர்களில் மாத்திரை டப்பாவை நம்பிக் கொடுத்து வைக்க ஆள் இல்லாதவர்கள் எத்தனை பேரோ.

இன்று காலை அண்ணன் என் மாத்திரை இருந்த டப்பாவைக் கழுவிக் கொடுத்துவிட்டார். அதை என் அலமாரியில் வைத்திருக்கிறேன். நம் தெருவில் யாருக்காவது இப்படி ஆள் வேண்டுமென்றால் உங்கள் மாத்திரையைக் கொண்டுவந்து கொடுங்கள், நான் வைத்திருக்கிறேன். ராத்திரி எத்தனை மணி ஆனாலும் கதவைத் தட்டலாம்.